ஆய்வேடு: யாருடைய குளம், யாருடைய தண்ணீர்?

1

‘எல்லோருக்கும் பொது’ என்று யாராவது சொன்னால் நமக்குச் சந்தேகம் வருகிறது. வரத்தான் வேண்டும். ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்ப் பொதுச் சாவடி, ஊர்ப் பொதுச் சுடுகாடு என்று எத்தனையோ ‘பொது’க்களைப் பார்த்தாயிற்று. அந்தப் பொதுவுக்குள் ஊர் இருக்கும், சேரி இருக்காது. ஆகவே ‘பொது’ என்று எழுதிய பலகையைக் கண்டால், அதன்கீழே யார் நிற்கிறார்கள், யார் எட்ட நிற்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பழகிப்போன காரியம்.

இப்போது பல்கலைக்கழகங்கள் புதிதாக ஒரு ‘பொது’வைக் கட்டியிருக்கின்றன. டிஜிட்டல் களஞ்சியம் என்று பேர். ஆய்வு மாணவர் தம் ஆய்வேட்டைக் கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் கொடுப்பதோடு நிற்காமல் அதன் மின்படியையும் கொடுக்க வேண்டும். அது கணினியில் ஏறும். எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். பட்டம் அறிவித்த 30 நாளுக்குள் மின்படியை அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. 2016இல் வந்த விதிமுறையும் இந்தக் கட்டாயத்தைத் தொடர்ந்தது. குஜராத்தில் காந்திநகரிலிருக்கும் ‘இன்ஃப்ளிப்நெட்’ மையம் இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. இன்றைக்குப் பல லட்சம் ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. அதற்கு வைத்திருக்கும் பேர் ‘ஷோத்கங்கா’. ஷோத் என்றால் ஆய்வு. ஆய்வுக் கங்கை!

கங்கை என்றதும் எனக்குக் காசியோ, பாவம் கழுவுவதோ ஞாபகத்துக்கு வரவில்லை. மகத் நகரத்துச் சவுதார் குளம்தான் வந்தது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லை, அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் கை விட்டு அள்ளிக் குடித்தபிறகுதான் ‘பொது’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது. உடனே அடி விழுந்தது. குளத்துக்குச் சாணமும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வர 1937 ஆயிற்று. இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது 2022 டிசம்பரில்.

திறப்பது வேறு, அள்ளிக் குடிப்பது வேறு. மகத் நமக்குச் சொன்ன பாடம் இது. அதையே பல்கலைக்கழகக் களஞ்சியத்தின் முன்னால் வைத்துக் கேட்கிறேன். கதவைத் திறந்துவிட்டீர்கள், சரி. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யார் அள்ளுகிறார்கள்? தண்ணீர் கொடுத்தவர்களுக்குக் கரையில் நிற்க இடமுண்டா?

2

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் களஞ்சியத்துக்கு எதிரி இல்லை. ‘எல்லாவற்றையும் பூட்டி வை’ என்று சொல்கிற கட்சியும் இல்லை. பூட்டி வைத்ததால் நாம் இழந்ததற்குக் கணக்கே கிடையாது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் இறக்கும்வரை வாரம் தவறாமல் ‘தமிழன்’ இதழை நடத்தினார். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று ஆரம்பித்த இதழ் அது. அதிலிருந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது 1999இல். இடையில் எண்பத்தைந்து வருஷம்! இந்த எண்பத்தைந்து வருஷமும் தமிழகத்தில் பல்கலைக்கழகங்கள் இருந்தன, தமிழ்த் துறைகள் இருந்தன, ஆராய்ச்சிகள் நடந்தன. ஆனால் ‘தமிழன்’ தாள்களைக் காப்பாற்றி வைத்திருந்தது யார்? பௌத்த சங்கத்துக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும்தான். செல்லரிக்காமல் பார்த்துக்கொண்டது தலித்துகளின் வீட்டு அலமாரியும் டிரங்குப் பெட்டியும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதி போட்டார். அந்த ஏழும் இன்றைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். நம்மைப் பற்றி மற்றவன் எழுதியது ஒரு நிமிஷத்தில் கிடைக்கிறது. நாமே எழுதியது கிடைக்க எண்பத்தைந்து வருஷம். பாதுகாப்பு என்பது நடுநிலையான வேலை, நூலகரின் தூசு தட்டும் வேலை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கட்டும்.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். 1917இல் அவர் லண்டனிலிருந்து திரும்பியபோது, வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் குண்டடிபட்டுக் கடலில் மூழ்கின. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் லண்டனில் அச்சானது. அச்சுப் படிகளைக் கொடுத்தபிறகு 1927இல்தான் கொலம்பியாவின் முனைவர் பட்டம் முறைப்படி கைக்கு வந்தது. ஆய்வை அச்சிட்டு உலகத்தின்முன் வைத்தால்தான் பட்டம் என்பது அன்றைய நடைமுறை. செலவு மாணவர் தலையில். 1956இல் அவர் மறைந்தபிறகு கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல்.

ஒரே ஒரு படி இருப்பதன் ஆபத்தை ஈழத் தமிழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகள் உட்பட, வேறெங்கும் படியில்லாதவை அதில் இருந்தன. 2005இல் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் அந்த நெருப்பு இருக்கிறது.

ஆகவே களஞ்சியம் வேண்டும். பல இடங்களில் பல படிகள் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது இன்னொரு விதத்திலும் காவல். களத்தில் வெயிலில் அலைந்து ஒரு தலித் மாணவர் கொண்டுவந்த தரவு, நாலு வருஷம் கழித்து வேறொருவர் பேரில் புத்தகமாக வருகிற வித்தையை நாம் கேள்விப்படாதவர்கள் இல்லை. களஞ்சியத்தில் ஏறிய ஆய்வேட்டுக்குத் தேதி உண்டு, மாறாத ஒரு முகவரி உண்டு. ‘முதலில் எழுதியது இவர்’ என்று அது சாட்சி சொல்லும். அலமாரியில் தூங்கும் ஆய்வேடு சாட்சி சொல்லாது.

இன்னொன்று. வெளிநாட்டு ஆய்விதழ்களை வாங்கிப் படிக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதைப் படிக்க நீங்கள் ஒரு அரசுக் கல்வி நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும். சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிற என்னைப் போன்றவனுக்கு, படிப்பை முடித்துவிட்டு இயக்கத்தில் இருக்கிறவனுக்கு அடையாள அட்டை ஏது? அடையாள அட்டை கேட்காத ஆய்வுக் கதவு இந்தக் களஞ்சியம்தான். அதை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

3

சரி, கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனால் என்ன நடக்கிறது?

ஒரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் ஒப்பாரி பற்றிய ஆய்வேடுகளைத் தேடினேன். தமிழில் அடித்தேன், ஒன்றும் வரவில்லை. அங்கே தமிழ் ஆய்வேட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒப்பாரிக்கு ‘பி’ ஒன்றா, இரண்டா? ‘பா’வுக்கு ‘ஏ’ ஒன்றா, இரண்டா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆய்வேடு வந்தது. ஏற்றியவர் அன்றைக்கு எப்படி எழுத்துக்கூட்டினாரோ அதுதான் அந்த ஆய்வேட்டின் தலைவிதி.

கண்டுபிடித்துத் திறந்தால் அடுத்த சுவர். பக்கங்களைப் படமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் படிக்கலாம், ஒரு சொல்லைப் போட்டுத் தேட முடியாது. கணினிக்கு அது எழுத்து இல்லை, வெறும் படம். சிலவற்றை எழுத்தாகவே ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் பழைய எழுத்துருவில் அடித்தது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக விழுகிறது. யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்குள் எத்தனை ஆயிரம் ஆய்வேடுகள் எத்தனை எழுத்துருவில் அடிபட்டனவோ! அச்சில் பார்த்தால் தமிழ், கணினிக்குள் பார்த்தால் ஊமை.

அடுத்தது ‘சிறப்புச் சொல்’ என்று ஒரு பெட்டி. ஆய்வேடு எதைப் பற்றியது என்று அதில் குறிக்க வேண்டும். ‘நாட்டுப்புறவியல்’, ‘சமூகம்’, ‘பண்பாடு’ என்று மூன்று சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த வட்டம், எந்தச் சேரி, எந்தத் தொழில், எந்தப் போராட்டம் என்று ஒன்றும் இருக்காது. தன் ஊரைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒரு சேரிப் பெண் தேடினால் அவளுக்கு எதுவும் கிடைக்காது. ‘பண்பாடு’ என்று தேடுகிற பேராசிரியருக்கு எல்லாம் கிடைக்கும்.

இதெல்லாம் தொழில்நுட்பக் கோளாறு, நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தலைப்பை யார் தேடுவார் என்று நினைத்து ஏற்றுகிறார்களோ அவருக்குத்தான் அது கிடைக்கும். ஏற்றுகிறவர் மனசில் இருக்கும் ‘வாசகர்’ யார் என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அது ஊரா சேரியா என்கிற கேள்வி.

4

இனிமேல்தான் எனக்குச் சிக்கலான இடம் வருகிறது.

நாட்டுப்புறவியல் ஆய்வேடு எதையாவது கையிலெடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ‘தகவலாளர் பட்டியல்’ என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும். பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர் என்று கட்டம் போட்டிருப்பார்கள். கல்வி என்ற கட்டத்தில் ‘இல்லை’. தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’. முன்பக்கத்து நன்றியுரையில் கடவுள் வருவார், நெறியாளர் வருவார், நெறியாளரின் துணைவியார் வருவார், தட்டச்சு செய்தவர் வருவார். ஆய்வேட்டுக்கு உயிர் கொடுத்த ஆயாக்களும் தாத்தாக்களும் ‘மற்றும் தகவல் தந்து உதவியவர்கள்’ என்று ஒரே மூட்டையாக வருவார்கள்.

புத்தகத்திலிருந்து எடுத்தால் அது திருட்டு. அதைப் பிடிக்க மானியக் குழு 2018இல் தனி விதிமுறையே போட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் வந்தது. வாயிலிருந்து எடுத்தால்? அதற்குப் பேர் களப்பணி. எந்த மென்பொருளும் ஆயாவின் வாயோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

ஆய்வேடு அலமாரியில் இருந்தவரைக்கும் இந்தப் பட்டியலை மிஞ்சிப்போனால் ஐந்து பேர் பார்த்திருப்பார்கள். இப்போது அது உலகத்துக்குத் திறந்திருக்கிறது. உலகம் என்றால் அமெரிக்கா மட்டுமா? அதே ஊரின் மேலத்தெருவும் உலகத்தில்தான் இருக்கிறது. அவன் கையிலும் செல்போன் இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு ஆயா உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மாணவர் வந்து அவரிடம் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போனார். அந்த மாணவரும் நம்மவர்தான். அந்த ஆய்வேடு களஞ்சியத்தில் கிடைத்தது. ஆயாவின் பாட்டு வருகிற பக்கங்களையும் பின்னிணைப்பையும் அச்செடுத்துக்கொண்டு போய் இரவுப் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

ஆயா முதலில் செய்தது திருத்தம். “இந்த வார்த்தை நான் சொல்லல கண்ணு. அந்தப் புள்ள காதுல தப்பா உழுந்திருக்குது” என்று இரண்டு இடத்தில் சொன்னார். இரண்டிலும் அர்த்தமே மாறியிருந்தது. பட்டம் கொடுத்த அறிஞர் குழு கண்டுபிடிக்காத பிழையை எழுத்துத் தெரியாத ஆயா கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்தார்.

அப்புறம் அடிக்குறிப்பைப் படித்தேன். ஒரு பாட்டில் நிலத் தகராறு ஒன்று வருகிறது. ஆயாவின் புருஷனை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவர் பேரை, அவர் குடும்பப் பேரோடு அடிக்குறிப்பில் போட்டிருந்தது. ‘இவ்விளக்கம் தகவலாளர் கூறியது’ என்றும் இருந்தது. ஆயாவின் மகன் முகம் மாறிவிட்டது.

“இது எங்க தம்பி கெடைச்சுது? யாரு வேணா பாக்கலாமா?”

பார்க்கலாம் அண்ணே என்றேன்.

“அவங்க நெலத்துலதான் நான் இன்னிக்கும் குத்தகை ஓட்டறன். அவங்க வூட்டுப் பையன் தாலுக்கா ஆபீசுல இருக்கறான். எங்க அம்மா பேரு, எங்க தெருவு எல்லாம் போட்டு இத யாரு எழுதச் சொன்னாங்க? அம்மா பேர மொதல்ல எடுக்கச் சொல்லு தம்பி.”

ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எம் பேர எதுக்குடா எடுக்கணும்? ரேசன் கார்ட விட்டா எம் பேரு எங்கடா எழுதியிருக்குது? எம் பேர எடுத்துட்டா இது யாரு பாட்டுன்னு எவனுக்குத் தெரியும்?”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். மகனுக்கு வயிறு; நாளைக்கு ஏர் ஓட்ட வேண்டும். ஆயாவுக்கு ஆயுள் முழுக்க யாரும் எழுதிவைக்காத பேர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆயாதான் ஒரு வழி சொன்னார். “எம் பேரும் பாட்டும் இருக்கட்டும். அவன் பேர எடுத்துடு. எடுக்க முடியலன்னா மூடி வெச்சிட்டு நான் செத்தப்பறம் தொறந்து வுடு. அப்ப வந்து என்ன என்னா பண்ணுவான்?”

நான் அசந்துபோனேன். ஆயா சொன்னதற்குக் களஞ்சியத்தில் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது: தடைக்காலம். ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடப் போகிறேன், காப்புரிமை வாங்கப் போகிறேன், கொஞ்ச காலம் மூடி வையுங்கள் என்று ஆய்வாளர் கேட்கலாம். பல களஞ்சியங்களில் ஓடும் ‘டிஸ்பேஸ்’ என்ற மென்பொருளில் இன்ன கோப்பை இன்ன தேதிவரை மூடு என்று சொல்லும் வசதி உண்டு. எழுதியவரின் லாபத்துக்காக மூடலாம். சொன்னவரின் உயிருக்காக மூடச் சொல்ல எந்தப் படிவமும் இல்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஆயாவின் கைநாட்டோடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதினோம். கோரிக்கையை ஆய்வாளர்தான் வைக்க முடியும் என்று பதில் வந்தது. அந்த ஆய்வாளரைத் தேடிப் பிடித்தோம்; அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். நெறியாளர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். நெறியாளர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடிக்குறிப்பு இன்னும் திறந்திருக்கிறது.

5

இந்தச் சிக்கலுக்கு இரண்டு சுலபமான பதில்கள் புழங்குகின்றன. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதல் பதில்: பேர்களையெல்லாம் மறைத்துவிடு. ‘தகவலாளர் 1’, ‘தகவலாளர் 2’ என்று போடு. ஆய்வு அறம் பேசுகிறவர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பேர் மறைப்பது யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு அவமானம்? தர்ஸ்டன் அளந்த மூக்குகளுக்குப் பேர் இல்லை. பண்ணைக் கணக்கில் நம் பாட்டன்மார் தலை எண்ணிக்கையாக இருந்தார்கள். பேர் இல்லாமல் இருப்பது நமக்குப் புதுசா? அறம் என்ற பேரில் அதையே திரும்பவும் செய்வதற்கு ஆயா சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது பதில்: அறிவு எல்லோருக்கும் பொது, முழுசாகத் திற. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாதி இருக்கிற ஊரில் திறப்பதன் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. ஆய்வாளருக்கு முனைவர் பட்டம், நெறியாளருக்குப் பதவி உயர்வுப் புள்ளி, பல்கலைக்கழகத்துக்கு தரவரிசை. ஆயாவின் மகனுக்குக் குத்தகை போகிற பயம். லாபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தால் அதற்குப் பேர் பொது இல்லை.

அப்படியானால் எது சரி? ஒரு சொல் யாரிடமிருந்து வந்ததோ, அவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ‘போ’ என்றும் ‘நில்’ என்றும் சொல்லும் உரிமையும் உண்டு. எழுதியவரின் உரிமை இதற்கு அப்புறம்தான். என் கட்சி இதுதான். திறப்பதா மூடுவதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். திறக்கவும் மூடவும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

நடக்காத காரியம் என்று சொல்ல வேண்டாம். ஆஸ்திரேலியாவில் டென்னன்ட் கிரீக் பகுதியில் வருமுங்கு என்ற தொல்குடி மக்கள் இருக்கிறார்கள். தங்களைப் பற்றி வெளியார் எடுத்த படங்களும் பதிவுகளும் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தபோது, எதை யார் பார்க்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு ஏற்றாற்போல் 2007இல் ஒரு களஞ்சியம் உண்டானது. அதிலிருந்து பிறந்த மென்பொருளின் பேர் ‘முகுர்ட்டு’. பொருள்களைப் பத்திரமாகப் போட்டு வைக்கும் பைக்கு அவர்கள் மொழியில் அதுதான் பேர். குடும்பத்துக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், எல்லோருக்கும் என்று பிரித்து வைக்க அதில் வழி உண்டு.

அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே மூத்தவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். இங்கே ‘சேரி முடிவு செய்யட்டும்’ என்று விட்டால் யார் முடிவு செய்வார்? நாட்டாமையும் கட்சிக் கிளைச் செயலாளரும். ஆயாவின் வாய் மறுபடியும் அடைபடும். சேரியும் ஒரே குரல் இல்லை; ஆண் குரல் அங்கேயும் ஓங்கித்தான் இருக்கிறது. அதனால் சாவி சாதிச் சங்கத்திடமோ ஊர்ப் பெரியவரிடமோ போகக்கூடாது. பாடியவரிடம், சொன்னவரிடம், அடி வாங்கியவரிடம் இருக்க வேண்டும். அவர் மகனோடு சண்டை போட்டாவது அவரே முடிவுக்கு வரட்டும். அந்தச் சண்டைக்கும் அவருக்கு உரிமை உண்டு.

6

ஆய்வு மாணவத் தோழர்களுக்குச் சில வார்த்தை.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒருதரம் களத்துக்குத் திரும்பிப் போங்கள். அச்செடுத்ததைப் படித்துக் காட்டுங்கள். பேர் இருக்கட்டுமா, எதை மறைக்க வேண்டும், எத்தனை காலத்துக்கு என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதிலை அவர் வாயாலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியங்களில் ஆய்வேட்டை இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக ஏற்றும் வழக்கம் இருக்கிறது. எனவே மூட வேண்டியதை மட்டும் மூட, மற்றதைத் திறந்து வைக்க எந்தத் தடையும் இல்லை. ஒரு பின்னிணைப்புக்காக முழு ஆய்வையும் புதைக்க வேண்டியதில்லை.

தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஏற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். யூனிகோடில் அடித்த, தேடக்கூடிய கோப்பைக் கொடுங்கள். சிறப்புச் சொல் பெட்டியை அலுவலகத்தில் இருப்பவர் கையில் விடாதீர்கள். வட்டம், ஊர், தொழில், போராட்டம், ஆண்டு என்று நீங்களே நிரப்புங்கள். உங்களுக்குப் பின்னால் தேடிக்கொண்டு வரப்போவது உங்கள் தங்கச்சிதான் என்று நினைத்து நிரப்புங்கள்.

பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. ‘ஆசிரியர்’, ‘நெறியாளர்’ என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறீர்கள். ‘சொன்னவர்’ என்று மூன்றாவது கட்டம் வையுங்கள். சொன்னவரோ அவர் வாரிசோ கைநாட்டு வைத்துக் கொடுக்கும் மனுவை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒரு படிவம் வையுங்கள். திருத்தம் சொன்னால் திருத்தத்தையும் ஆய்வேட்டோடு சேர்த்து வையுங்கள்.

நம்முடைய வேலையும் இருக்கிறது. எம்.ஃபில். பட்டம் 2022ஆம் ஆண்டு விதிமுறையோடு நின்றுபோயிற்று. முனைவர் பட்டம்வரை போக வசதியில்லாத நம் பிள்ளைகள் பலர் எழுதியது அந்தச் சின்ன ஆய்வேடுகளைத்தான். அவை எந்தத் துறை அலமாரியில், எந்த வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று தேடி எடுக்க வேண்டும். நம் சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள் எதையும் எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டு வராது. ‘தமிழன்’ இதழைக் காப்பாற்றிய குடும்பங்கள் செய்ததை இன்றைய கருவிகளோடு நாம் செய்ய வேண்டும். ஒரு படி ஒரு இடத்தில் என்று விடாமல் ஐந்து படி ஐந்து ஊரில்.

எவ்வளவு சேர்த்தாலும் ஒன்று மட்டும் எந்தக் களஞ்சியத்திலும் ஏறாது. பட்டம் பெற்றவரின் ஆய்வேடுதான் அங்கே போகும். பாதியில் துரத்தப்பட்டவரின் ஆய்வுக்கு அங்கே இடமில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17ஆம் தேதி ரோஹித் வெமுலா இறந்தபோது அவருடைய ஆய்வு முடியவில்லை. பல லட்சம் ஆய்வேடுகள் என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படும்போது, எழுதவிடாமல் போன ஆய்வேடுகளுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டென்று நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட தோழர்களே, உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பை இன்றைக்கு ராத்திரி ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பஸ் ஏறிப் போங்கள். நீங்கள் எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிழை சொல்வார்கள், திட்டுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் இதை எடுத்துவிடு என்பார்கள். அவர்கள் சொன்னபடி செய்துவிட்டு வாருங்கள்.